கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரு குடும்பப் பயணம்

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இம்முறை எங்கே போவோம்?" என்பதுதான். வாப்பாமாருக்குச் செலவுக் கவலை. உம்மாமாருக்குச் சமையல், உடுப்பு, தொழுகை, பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஆயிரம் கவலை. பிள்ளைகளுக்கோ கடலைக் கண்டால் போதும்.

பயணம் வீண் பொழுதுபோக்கு அல்ல. பூமியில் சுற்றித் திரிந்து முன்சென்ற சமூகத்தாரின் முடிவைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அந்த நோக்கோடு புறப்படும் குடும்பத்திற்கு நம் நாட்டிலேயே பொருத்தமான ஓரிடம் கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரக் குடா. வடகரையில் திருகோணமலை, மேற்கே கிண்ணியா, தெற்கே மூதூர் என்று மூன்று பழைய ஊர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. நானூறு ஆண்டு கால வரலாறும், நாட்டின் மிக அழகிய கடற்கரைகளும், நம் சமூகத்தவர் சிந்திய கண்ணீரும் அங்கு ஒன்றாகக் கிடக்கின்றன.

ஆனால், திருகோணமலைக்குப் போய் வந்தோம் என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது நிலாவெளிக் கடற்கரையை மாத்திரமே. குடாவின் மறுகரைக்குப் போனவர்கள் குறைவு. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழியில் ஒரு குளம்

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருவோர் ஹபரணை வழியாகக் கந்தளாயை அடைவர். பாதையோரமாகவே பரந்து கிடக்கும் கந்தளாய்க் குளம் பண்டைய மன்னர்களின் நீர்ப்பாசனத் திறமைக்குச் சான்று. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை இக்குளத்தின் அணைக்கட்டு உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அணைக்கட்டில் நின்று காற்று வாங்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள். நீர் அல்லாஹ்வின் அருட்கொடை. அதைக் காக்க வேண்டியதும் நம் பொறுப்பு.

கந்தளாயைத் தாண்டினால் தம்பலகாமத்தின் வயல்வெளிகள். இப்பகுதி நெல்லுக்கும் எருமைத் தயிருக்கும் பேர்போனது. வீதியோரக் கடைகளில் சட்டி சட்டியாகக் கட்டித் தயிர் அடுக்கியிருப்பார்கள். ஒரு சட்டியும் ஒரு போத்தல் பாணியும் வாங்கிக்கொண்டால் பிள்ளைகளின் பகற்பசிக்குக் கவலையில்லை.

கைமாறிய கோட்டை

திருகோணமலைத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. மலைகளால் சூழப்பட்டுப் புயலுக்குப் பாதுகாப்பானது. இந்த ஆழமே அதற்கு வாழ்வையும் கொடுத்தது, வம்பையும் கொடுத்தது. இந்து சமுத்திரத்தை ஆள நினைத்த ஒவ்வொரு வல்லரசும் இதன்மீது கண் வைத்தது.

1624இல் போர்த்துக்கேயர் சுவாமி மலையில் இருந்த பழம்பெரும் கோணேஸ்வர ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1672இல் பிரெஞ்சுக்காரர் இக்குடாவுக்குள் கப்பற்படையோடு நுழைந்து பார்த்தனர், நிலைக்கவில்லை. 1782 ஒரே ஆண்டில் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் மாறியது. பின்பு ஒல்லாந்தர் கைக்குத் திரும்பிய அது 1795இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் சூட்டியவர்களும் அவர்களே. சுதந்திரம் கிடைத்த பின்னரும் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டுப் போகவில்லை.

"நிலைத்திருப்பவன் அவன் ஒருவனே" என்று நாம் தினமும் சொல்கிறோம். அந்தக் கோட்டை வாசலில் நின்று, வந்துபோன கொடிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் அச்சொல்லின் பொருள் நெஞ்சில் இறங்கும்.

கோட்டைக்குள் இன்று இராணுவ முகாம் இருக்கிறது. ஆயினும் மலையுச்சி வரை மக்கள் செல்லலாம். வழியில் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு மிரளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் ஆசையோடு ஏதாவது ஊட்டப் பார்ப்பார்கள். சகோதரிகளே, இங்கு கொஞ்சம் கவனம் தேவை. நாம் வீசிவிட்டுப் போகும் பொலித்தீன் பைகளில் உணவின் வாசனை ஒட்டியிருக்கும். அந்த வாயில்லா ஜீவன்கள் பையோடு சேர்த்து விழுங்கிவிடும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் நாம், மானின் வயிற்றுக்குள் பொலித்தீனை அனுப்பலாமா?

மலையுச்சியில் மீளக் கட்டப்பட்ட கோணேஸ்வர ஆலயம் உள்ளது. அது இந்து சகோதரர்களின் புனிதத் தலம். அதன் சூழலில் அமைதியாகவும் அடக்கமாகவும் நடந்துகொள்வது நமது பண்பாட்டின் அடையாளம். பாறையின் ஓரத்திலிருந்து கீழே நோக்கினால் செங்குத்தான மலையடியில் கடல் மோதுவது தலைசுற்றவைக்கும். சிறுபிள்ளைகளின் கையை விடவே கூடாது. ஒருபுறம் ஒல்லாந்தர் குடாவும் மறுபுறம் பின்குடாவும் வெவ்வேறு நிறத்தில் தெரியும்.

இப்பாறையோடு பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் கதையும் ஒட்டியிருக்கிறது. காதலன் கப்பலேறிப் போய்விட, 1687இல் இங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்பார்கள். ஞாபகத் தூண் ஒன்றும் நிற்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது, அவள் பல ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொருவரை மணம் முடித்து வாழ்ந்தாள் என்றே தெரியவந்தது. கேட்பதையெல்லாம் விசாரியாமல் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வடக்கே வெண்மணல்

நகரிலிருந்து வடக்கே சென்றால் உப்புவெளி, அதற்கு அப்பால் நிலாவெளி. உப்புவெளியில் இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இறந்தவர்களின் மயானம் துப்புரவாகப் பராமரிக்கப்படுகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. அக்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாப் பக்கத்துக் காட்டினுள் இன்றும் உள்ளன.

நிலாவெளியின் அழகைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆழமற்ற நீலக் கடல், பரந்த வெண்மணல். ஏப்ரல், மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கினால் அதே கடல் வேறு முகம் காட்டும். மார்கழி விடுமுறையில் போகிறவர்கள் கரையிலிருந்து பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

கரைக்கு எதிரே தெரிவது புறாத்தீவு. 2003இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. படகில் போகலாம்; அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். நீருக்கடியில் முருகைக் கற்களும் வண்ண மீன்களும் உண்டு. முருகைக் கல் என்பது கல்லல்ல, உயிர். ஒரு விரலளவு வளர அதற்குப் பல வருடம் வேண்டும். ஒரு காலடியில் முறிந்துபோகும். அதன்மேல் ஏறி நிற்பதும் ஒடித்து வீட்டுக்கு எடுத்து வருவதும் கூடாது.

நம் பெண்கள் கடற்கரைக்குப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகளும் ஆண்களும் நீரில் குதித்து மகிழ, உம்மா மட்டும் வெயிலில் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலிருப்பாள். இது நியாயமா? பஜ்ர் தொழுதுவிட்டு உடனே புறப்பட்டால் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும். ஹோட்டல்களின் கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் ஒதுக்கமான இடமும் கிடைக்கும். உடலோடு ஒட்டாத, அதே நேரம் காலில் சுற்றிக்கொள்ளாத அடக்கமான உடையோடு முழங்காலளவு நீரில் நின்று குளிக்கலாம். பைகளை வாப்பாவோ நானாமாரோ முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஆயிஷா நாயகியோடு ஓட்டப்பந்தயம் ஓடிய நபிகளாரின் உம்மத்தினர் நாம். மனைவியின் மகிழ்ச்சிக்கும் பயணத்தில் பங்குண்டு என்பதை ஆண்கள் மறக்கக் கூடாது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள்

நகரிலிருந்து சிறிது தூரத்தில் கன்னியா. ஏழு சிறிய சதுரக் கிணறுகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் இளஞ்சூடு, அடுத்ததில் அதைவிடச் சூடு. சில அடி இடைவெளியில் எப்படி இந்த வேறுபாடு என்று பிள்ளைகள் வியப்பார்கள். மழைநீர் பூமியின் ஆழத்திற்கு இறங்கிச் சூடேறி, பாறை வெடிப்புகளின் ஊடாக மேலே வருகிறது. வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலக்கும் அளவைப் பொறுத்துச் சூடு கூடிக் குறையும். இந்துக்கள் தம் மரித்தோருக்கான கிரியைகளைச் செய்யும் இடமும் இதுவே. அவர்கள் துக்கத்தோடு வந்திருக்கையில் நாம் கூச்சலிட்டுத் தண்ணீர் இறைத்து விளையாடுவது அழகல்ல.

பாலம் வந்த கிண்ணியா

இனி குடாவின் மறுகரைக்குப் போவோம். சீனக்குடா வழியாக, முஸ்லிம் கிராமமான வெள்ளைமணலைக் கடந்தால் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர் நீளம். சவூதி அரேபிய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டப்பட்டு 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு பாலம் மட்டுமே. கிண்ணியாவின் மூத்த பெண்களைக் கேட்டால்தான் அதன் பெறுமதி விளங்கும். அதற்கு முன்னர் நீரைக் கடக்க இருந்தது 'பாதை' என்று அவர்கள் அழைக்கும் மிதவைதான். பிரசவ வேதனையில் துடிப்பவளும் அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்ட தாயும் அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். காற்று பலத்தால் காத்திருப்பு நீளும். கிண்ணியாவுக்கு அப்பாலும் மட்டக்களப்பு வீதியில் பல துறைகள் இப்படியே பாதையை நம்பியிருந்தன.

அந்தக் காலம் முற்றாகப் போய்விட்டது என்று எண்ணியிருந்தபோதுதான் 2021 நவம்பர் 23ஆம் திகதி அந்த இடி விழுந்தது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. மாற்றாக ஓடிய மிதவைப் பாதை காலையில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிஞ்சுகளும் அதில் இருந்தார்கள். அன்றைய தினமே ஆறு உயிர்கள் பிரிந்தன. புத்தகப் பையோடு அனுப்பிய பிள்ளையைக் கபனிட்டு அடக்கிய தாய்மாரின் துயரை எந்த எழுத்தாலும் ஆற்ற முடியாது. பாலம் என்பது அரசியல்வாதியின் வாக்குறுதி அல்ல. அது ஒரு தாயின் நிம்மதி.

அதற்கு முன்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கிண்ணியாவைப் பலமாகத் தாக்கியது. கடலோரத்தில் இருந்த வைத்தியசாலையும் அதற்குத் தப்பவில்லை. அத்தனைக்கும் பிறகு, அவ்வூர் மக்கள் அதே கடலில்தான் வலை வீசுகிறார்கள். அதே கரையில்தான் வீடு கட்டி வாழ்கிறார்கள். கடலோடு கோபித்துக்கொள்ள அவர்களால் முடியாது.

கிண்ணியாவில் பள்ளிவாசல்களுக்கும் ஹலால் உணவுக்கும் குறைவில்லை. காலையில் புட்டும் மீன் ஆணமும், பகலில் நண்டும் இறாலும் கிடைத்தால் விட வேண்டாம். விலை பேசுங்கள், ஆனால் விடியவிடியக் கடலில் கிடந்தவனின் உழைப்பைக் கறாராகக் குறைத்துக் கேட்காதீர்கள்.

பெயரிலேயே பழைமை – மூதூர்

மூதூர் என்றாலே முதிய ஊர் என்று பொருள். நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலைச் சேர்வது இப்பகுதியில்தான். பேராதனையில் நாம் பாலத்தில் நின்று பார்த்த நீரை, இங்கே கடலில் கலக்கும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660 ஏப்ரலில் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தார்கள். தந்தை மலைநாட்டில் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் தொப்பி பின்னி விற்றும், ஊரூராகச் சாமான் வியாபாரம் செய்தும் வயிறு வளர்த்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினார். 1681இல் அவர் இலங்கையைப் பற்றி எழுதி வெளியிட்ட நூல் இன்றும் நம் நாட்டு வரலாற்றுக்கு முக்கிய ஆதாரம். அவர்கள் பிடிபட்ட இடத்தை நினைவுகூரும் கல் மூதூரில் உண்டு. ஊசியும் நூலும் ஒரு கைதியைக் காப்பாற்றிய கதை, கைத்தொழில் பழகும் நம் பெண்பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும்.

'தோணி' சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற வ. அ. இராசரத்தினமும் மூதூரைச் சேர்ந்தவரே. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த இக்கடற்கரையின் வாழ்க்கையை அவர் எழுத்தில் காணலாம். அருகிலுள்ள சேருவிலையில் பௌத்தர்களின் பழைமையான விகாரை இருக்கிறது. ஒரு நாள் பயணத்திற்குள் இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரின் வாசற்படியையும் கடந்துவிடலாம்.

மூதூரின் வடு 2006. அவ்வாண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் நகருக்குள் யுத்தம் மூண்டபோது முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தன. பின்பு குழந்தைகளையும் முதியோரையும் சுமந்துகொண்டு ஆயிரமாயிரமாய்க் கந்தளாயை நோக்கி வெளியேறின. அதே நாட்களில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் பதினேழு பேர் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வந்தவர்கள் அவர்கள். துயரம் இனம் பார்த்து வரவில்லை. அதை நினைவுகூரும்போதும் நாம் இனம் பார்க்கக் கூடாது.

இன்று மூதூர் வீதியில் பஸ் ஓடுகிறது, கடைகள் திறந்திருக்கின்றன, பெண்பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு பாடசாலைக்குப் போகிறார்கள். உல்லாசப் பயணிக்கு இது ஒரு காட்சியாகத் தோன்றாது. அன்று தலையில் மூட்டையோடு கந்தளாய் வரை நடந்த ஓர் உம்மாவுக்கு, இதைவிடப் பெரிய காட்சி வேறில்லை.

புறப்படுமுன் சில வார்த்தைகள்

இரண்டு இரவு தங்கினால் குடாவை நிதானமாகச் சுற்றலாம். முதல் நாள் கோட்டையும் கன்னியாவும். இரண்டாம் நாள் விடியலில் நிலாவெளி. மூன்றாம் நாள் கிண்ணியா வழியாக மூதூர்.

தூரப் பயணம் செய்வோருக்கு அல்லாஹ் தந்த சலுகையைப் பயன்படுத்துங்கள். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். தூரம், தங்கும் நாட்கள் பற்றிய சட்டங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள். கடற்கரையில் தண்ணீர்க் குழாய் இல்லையே என்று தொழுகையைப் பிற்போட வேண்டாம். கடல்நீர் தூய்மையானது, அதில் வுழூச் செய்யலாம் என்பது நபிகளாரின் வழிகாட்டல். விரிக்க ஒரு பாய், ஒரு மேலதிக ஹிஜாப், குடிநீர், தலைவலி மருந்து, குப்பை சேர்க்க ஒரு பெரிய பை ஆகியன உங்கள் சாமானுடன் இருக்கட்டும்.

கடலில் இறங்குவதற்கு முன் அவ்விடத்து மீனவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஊர் தெரியாமல் உயிரை விட்ட இளைஞர்களின் செய்தி ஒவ்வொரு விடுமுறையிலும் நம் காதில் விழுகிறது.

நிலாவெளியில் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது கிண்ணியாவிலும் மூதூரிலும் செலவிடுங்கள். அங்கே ஒரு வேளை சாப்பிடுங்கள்; ஒரு வக்து தொழுங்கள்; தயிர்ச் சட்டியோ கருவாடோ வாங்குங்கள். ஸலாம் சொன்னால் அங்குள்ள பெண்கள் "வாங்க, இருங்க" என்று வாசலைத் திறப்பார்கள். அவர்களோடு பத்து நிமிடம் பேசினால், நாலு புத்தகம் படித்தாலும் கிடைக்காத வரலாறு உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

அந்தக் கடலையும், அதன் கரைகளில் வாழும் எல்லா மக்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. நமது பயணங்களைப் படிப்பினை உள்ளவையாகவும், திரும்பி வருதலை ஸலாமத்தானதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.